பம்பு மோட்டாரைப் பிரித்துச் சரிபார்த்துத் திரும்பப் பூட்டுவது: புதிதாகக் கற்பவர்களுக்கு

மோட்டாரைப் பிரிப்பது யாருக்கும் கைவந்துவிடும். நான்கு போல்ட்டைத் தளர்த்தி, பக்கத்துக் கவரை ரப்பர் சுத்தியலால் தட்டினால் அதுவே கழன்று வரும். அதே சாமான்களைத் திரும்பப் பூட்டி, சத்தம் போடாமல், ஒழுகாமல், தொட்டவருக்கு ஷாக் அடிக்காமல் ஓட வைப்பதில்தான் தொழில் இருக்கிறது. பேரிங் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி கரகரக்கும் மோட்டார், புது சீல் போட்ட மறுநாளே சொட்டும் பம்பு, எர்த் ஒயரைத் திரும்ப மாட்டாததால் பாடியில் மின்சாரம் ஏறிய மோட்டார் எல்லாம் பூட்டிய விதத்தால் கெட்டவை. அதனால் இந்தக் கட்டுரையில் பூட்டும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்பே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமானை மாட்டிய பிறகும் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். போன படியில் லேசாகச் சுற்றியது இந்தப் படியில் இறுகினால், தவறு இந்தப் படியில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்த்தால், தவறைத் தேட மொத்தத்தையும் மறுபடி பிரிக்க வேண்டி வரும்.

இங்கே சொல்வது ஒரு குதிரைத்திறன், அதற்குக் கொஞ்சம் முன்பின் உள்ள சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் பம்புக்கு. மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கும் வகை இது. கற்றுக்கொள்ள ஏற்றது. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் உள்ளே தண்ணீரோ எண்ணெயோ நிரப்பியிருப்பார்கள். அதன் சீலும் கேபிள் இணைப்பும் வேறு மாதிரி. அதைத் தெரிந்தவரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். பெட்ரோல் போன்ற தீப்பற்றும் திரவங்களை இறைக்கும் பம்புகளை இந்தக் கட்டுரையை நம்பித் தொடவே வேண்டாம். காயில் சுற்றுவது தனித் தொழில், அதற்குள்ளும் இங்கே போகவில்லை.

முதலில் மின்சாரம்

சுவிட்சை அணைத்தால் மின்சாரம் போய்விட்டது என்று நம்பக் கூடாது. ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச், ஒயரிங் செய்தவரின் தவறால் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால், மோட்டார் நின்றுவிடும்; ஃபேஸ் மட்டும் காயில் வரை உயிரோடு இருக்கும். தொட்ட பிறகுதான் தெரியும்.

இன்னொரு ஆபத்து, மோட்டார் தானாகக் கிளம்புவது. தொட்டியின் நீர்மட்டம் பார்த்து ஓட்டும் ஆட்டோமேட்டிக் கருவி, டைமர், பிரஷர் சுவிட்ச் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் யாரும் கை வைக்காமலே மோட்டார் ஓடத் தொடங்கும். மோட்டாருக்கு உள்ளேயே இருக்கும் ஓவர்லோடு பாதுகாப்பும் அப்படித்தான். சூடேறி நின்ற மோட்டார், ஆறியதும் சொல்லாமல் கிளம்பலாம். 'ஓடவில்லையே, செத்த மோட்டார்தானே' என்று ஃபேனுக்குள் விரல் விடுவது இதனால்தான் மிகவும் கெட்ட பழக்கம்.

ஆகவே பிளக் இருந்தால் பிடுங்கி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பிளக் இல்லாமல் நேரடி இணைப்பு என்றால் எம்சிபியை அணைத்து, முடிந்தால் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'வேலை நடக்கிறது, போடாதீர்கள்' என்று எழுதித் தொங்கவிடுங்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் சில நிமிடங்கள்தான் ஆகும்.

அடுத்தது சோதனை. டெர்மினல் பெட்டியைத் திறந்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. இதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருப்பது தெரிந்த ஒரு இணைப்பில் மீட்டரை வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். பல்பு எரியும் சாதாரண டெஸ்டரை மட்டும் நம்பி ஒயரில் கை வைக்க வேண்டாம்.

அதன் பிறகும் ஒரு இடத்தில் மின்சாரம் மிச்சம் இருக்கலாம். அது கெபாசிட்டர். 230 வோல்ட் இணைப்பின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். துணைக் காயிலோடு (பின்னால் ஸ்டார்ட் காயில் என்று சொல்வது இதைத்தான்) தொடரில் இருந்து, மோட்டார் ஓடும் நேரம் முழுக்க இணைப்பிலேயே இருக்கும் ரன் கெபாசிட்டரில் அதைவிடவும் அதிகம் ஏறும். அதனால்தான் அதன் மேல் 440 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து 'டப்' என்று அடிக்கவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கெபாசிட்டரும் பாழாகும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் உறை போட்ட ஒயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் பத்து விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரை டிசியில் வைத்து, பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

தனியாக வேலை செய்யாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பதை அவரிடமும் சொல்லி வையுங்கள். மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

தண்ணீர்ப் பக்கமும் கவனம் வேண்டும். உறிஞ்சும் குழாய், வெளியேற்றும் குழாய் இரண்டின் வால்வையும் மூடி, பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகாணியை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் வராமல் வெகுநேரம் ஓடிய பம்பின் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஓடி நின்ற உடனே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஆறட்டும்.

பிரிக்காமலே தெரிந்துகொள்ள வேண்டியவை

பாதி நேரங்களில் மோட்டாரைப் பிரிக்கவே வேண்டியிருக்காது. உம்மென்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதா? ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவே இல்லை என்றால் ஜாம். நாட்கணக்கில் ஓடாமல் கிடந்த பம்பில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரத்தில் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான். அந்த மோட்டாரை மின்சாரம் கொடுத்துக்கொண்டே கையாலோ குச்சியாலோ சுற்றிவிட்டுக் கிளப்புபவர்கள் இருக்கிறார்கள். விரல் போகும். செய்யாதீர்கள்.

கெபாசிட்டரை மீட்டரில் அளந்து, அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவோடும் அருகில் போட்டிருக்கும் சதவீத வரம்போடும் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். புதியதில் மைக்ரோஃபாரட் அதே அளவு. வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல். ஸ்டார்ட் கெபாசிட்டரை ரன் கெபாசிட்டரின் இடத்தில் மாட்டக் கூடாது. அது சில விநாடிகள் மட்டும் மின்சாரம் தாங்கும்படி செய்யப்பட்டது, தொடர்ந்து ஓடினால் வெடிக்கும்.

காயிலிலிருந்து மூன்று ஒயர்கள் வரும் மோட்டாரில் இரண்டிரண்டாக ஓம் அளவு எடுங்கள். மூன்று அளவுகள் கிடைக்கும். மிகப் பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். அந்தப் பெரிய அளவு கிடைத்தபோது எந்த ஒயரைத் தொடவில்லையோ அதுதான் பொது ஒயர். பொது ஒயரிலிருந்து குறைந்த ஓம் காட்டுவது ரன் காயில், கூடுதல் காட்டுவது ஸ்டார்ட் காயில். இந்தக் கணக்கு சரியாக வராவிட்டால் காயிலில் கோளாறு இருக்கிறது.

அடுத்து மெக்கர், அதாவது அதிக வோல்ட் வைத்துக் காயில் உறைப்பூச்சின் தரத்தை அளக்கும் கருவி. சாதாரண மீட்டர் சில வோல்ட்டை மட்டும் வைத்து அளப்பதால் பலவீனமான உறைப்பூச்சு அதில் பிடிபடாது. 500 வோல்ட் மெக்கரில், கெபாசிட்டரையும் வெளி ஒயர்களையும் கழற்றிவிட்டு, காயிலுக்கும் பாடிக்கும் இடையே ஒரு நிமிடம் அளக்க வேண்டும். அளக்கும்போது ஒயரில் கை படக் கூடாது. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை ஓட்டாதீர்கள். 5 மெகாஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். சூட்டில் இந்த அளவு இறங்கும், ஏறத்தாழ 10 டிகிரிக்குப் பாதியாக. ஆகவே எப்போதும் ஆறிய மோட்டாரில் அளந்து எழுதி வையுங்கள், பூட்டிய பிறகு ஒப்பிட அது தேவைப்படும்.

பிரிக்கும்போதே பூட்டுவதை நினைத்துக்கொண்டு

ஒரு ஒயரைக் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பழைய ஒயர்கள் எல்லாம் சூட்டில் ஒரே பழுப்பாகியிருக்கும். சின்னத் துண்டு டேப்பில் எண் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள்.

பிறகு அடையாளப் புள்ளி. முன் கவரும் பாடியும் சேரும் இடத்தில் இரு பக்கமும் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி. பின் கவரில் இரு பக்கமும் இரண்டிரண்டு புள்ளி. கவர்கள் வட்டமானவை, நான்கு நிலைகளில் எதில் வைத்தாலும் போல்ட் ஏறிவிடும். ஆனால் பழகிய நிலையில் உட்கார்ந்தால்தான் ரோட்டார் (ஷாஃப்ட்டோடு சுற்றும் பகுதி) சரியாக நடுவில் நிற்கும். சிறிய மோட்டாரில் ரோட்டாருக்கும், காயில் இருக்கும் அசையாத பகுதியான ஸ்டேட்டருக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும்.

பம்புப் பக்கத்தில் தொடங்குங்கள். பம்பின் வெளிக்கூடான கேசிங்கைக் கழற்றினால் இம்பெல்லர் தெரியும். சிலவற்றில் நட்டு போட்டிருக்கும், சிலவற்றில் இம்பெல்லரே ஷாஃப்ட்டின் மரையில் திருகியிருக்கும். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக, ஓடும்போது மேலும் இறுகும்படிதான் மரை போட்டிருப்பார்கள். ஓடும் திசையை அம்புக்குறியில் பார்த்துக்கொண்டு யோசித்தால் புரியும். ஃபேன் பக்கத்து ஷாஃப்ட் நுனியில் ஸ்க்ரூடிரைவர் வெட்டோ தட்டையான பகுதியோ இருந்தால் அங்கே பிடித்து நிறுத்துங்கள். ஃபேன் இதழைப் பிடித்து நிறுத்தினால் அது உடையும்.

இம்பெல்லர் வர மறுத்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருங்கள். ஷாஃப்ட் நுனியைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. நுனி பூப்போல விரிந்து, பிறகு எந்தச் சாமானும் ஏறாது. புல்லர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எதிரெதிரே இரண்டு நெம்புகோல் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக நெம்புங்கள்.

இம்பெல்லரின் பின்னால், ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். ஸ்பிரிங்கோடு ஷாஃப்ட்டில் சுற்றும் பாதி ஒன்று, பின் தகட்டில் அசையாமல் உட்காரும் பாதி ஒன்று. அதற்கும் பின்னால், ஷாஃப்ட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சீல் கசிந்தால் வரும் தண்ணீரைப் பேரிங்குக்குப் போகவிடாமல் சுழற்றி வீசுவது அதன் வேலை. அழுக்கோடு அழுக்காக அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

மோட்டார்ப் பக்கம் ஃபேன் கவர், ஃபேன், கவர் போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றி, ரோட்டாரை நேர்கோட்டில் வெளியே இழுங்கள். சாய்ந்தால் காயிலை உரசும். கவரை நெம்ப ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் அதன் நுனி முதலில் தேடிப்போவது காயிலைத்தான். கழற்றிய பேரிங் குழிக்குள் ஒரு அலை வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபேன் பக்கத்துக் குழியில் இருக்கும், கவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணில் படாது. எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள்.

சுத்தம் செய்வதும் பார்ப்பதும்

இரும்புச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவலாம். காயிலின் மேல் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படக் கூடாது, வார்னிஷ் இளகும். மென்மையான தூரிகையும் காற்றும் போதும். மோட்டார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உலர்த்த வேண்டும். வெயில் நல்லது. இல்லாவிட்டால் ஸ்டேட்டருக்குள் 60 வாட் குண்டு பல்பை, காயிலைத் தொடாதபடி தொங்கவிட்டு எரியவிடலாம். உலரும்போது மெக்கர் அளவு முதலில் இறங்கி, பிறகு ஏறத் தொடங்கும். இறங்குகிறதே என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஏறி ஒரே அளவில் நிற்கும் வரை உலர்த்துங்கள். கருகிய வாடையும் கறுத்த கம்பியும் இருந்தால் உலர்த்திப் பயனில்லை, காயில் சுற்றக் கொடுக்க வேண்டும்.

ரோட்டாரின் மேல் பளபளப்பான தேய்ந்த தடம் இருந்தால் அது ஸ்டேட்டரை உரசியிருக்கிறது. காரணம் பேரிங் ஆட்டம், அல்லது பேரிங் உட்காரும் குழியின் தேய்மானம். புது பேரிங் அந்தக் குழிக்குள் கை அழுத்தத்தில் தளர்வாகப் போய் ஆடினால் கவருக்கு லேத்தில் புஷ் போட வேண்டும். தகட்டைச் சுருட்டி இடையில் செருகுவதும், ஷாஃப்ட்டில் பஞ்சால் புள்ளி குத்தி மேடாக்குவதும் பரவலாக நடக்கின்றன. இரண்டுமே கொஞ்ச நாளில் மறுபடி தளரும், அதற்குள் ரோட்டாரும் கெடும்.

பேரிங்கின் எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. 6202 என்றால் உள் விட்டம் 15 மில்லிமீட்டர், 6203 என்றால் 17. 6204-இலிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும்: 20, 25 என்று போகும். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இரும்பு மூடி. சி3 என்பது உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதியதும் சி3 ஆக இருக்கட்டும். கையில் பிடித்துச் சுற்றும்போது சொரசொரப்பு தட்டினால் கிரீஸ் தடவிச் சமாளிக்காமல் மாற்றுங்கள்.

சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் உள்ள மோட்டார் என்றால் அதன் தொடுமுனைகளைப் பாருங்கள். முழு வேகத்தின் முக்கால் பங்கை நெருங்கும்போது அது ஸ்டார்ட் காயிலைத் துண்டிக்க வேண்டும். முனைகள் ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட் காயில் எரிந்துபோகும்.

பூட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். இரவு நேரம், களைப்பு, வாடிக்கையாளரின் அவசரம் எது இருந்தாலும் நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் பேரிங். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது விசை உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். கவரின் குழிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். மாற்றி அடித்தால் விசை குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். வெளியே தெரியாது, ஆனால் ஓடத் தொடங்கியதும் கரகரப்பு வரும். புது பேரிங்கும் சீக்கிரம் போவதற்கு இதுவே முதல் காரணம் என்பேன். உள் வளையத்தின் அளவுக்கு ஒத்த, முனை சமமாக வெட்டிய குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள். சூடாக்கி ஏற்றுவதென்றால் நெருப்பில் காட்டாதீர்கள். மூடி உள்ள பேரிங்கை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாதீர்கள். தோள் வரை உட்கார்ந்ததும் கையால் சுற்றுங்கள். பட்டுப்போல் சுற்ற வேண்டும்.

ரோட்டாரை நேராக உள்ளே விடுங்கள். காயிலின் ஒயர்கள் எதுவும் கவரின் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளவில்லையே என்று விளக்கடித்துப் பாருங்கள். மாட்டிக்கொண்ட ஒயர் அன்றைக்கே ஷார்ட் ஆகாது. உறை நசுங்கி, அதிர்வில் தேய்ந்து, என்றோ ஒருநாள் பாடியில் மின்சாரம் ஏறும். அலை வாஷரை அதன் குழியில் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்தில் சீல் கெடும்.

புள்ளிகளை நேராக்கி, கவரைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் மாறி மாறித் தட்டி உட்காரவையுங்கள். போல்ட்டை இறுக்கியே கவரை இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் வார்ப்பிரும்பின் காது உடையும். கவர் முழுதும் படிந்த பிறகு போல்ட்டுகளைக் குறுக்காக இறுக்குங்கள். ஒன்று, அதற்கு எதிரே உள்ளது, அடுத்தது, அதற்கு எதிரே உள்ளது. ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுதான். ஒவ்வொரு முறை வட்டம் முடிந்ததும் ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள். இறுகுகிறது என்றால் கடைசியாக இறுக்கியதைத் தளர்த்தி, கவரை லேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். மோட்டார்ப் பாதி முடிந்ததும், பம்புப் பக்கம் போகும் முன், மெக்கரை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். முன்பு எழுதி வைத்த அளவிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் ஒயர் எங்கோ நசுங்கியிருக்கிறது.

ரப்பர் வளையத்தை ஷாஃப்ட்டில் போட்டுவிட்டுத்தான் பின் தகடு. வரிசை தவறினால் திரும்பக் கழற்ற வேண்டும்.

சீல் எப்போதும் புதிது, எப்போதும் ஜோடியாக. பழைய கார்பனும் பழைய செராமிக்கும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது, பிரித்து எடுத்ததைத் திரும்பப் போட்டாலும் அப்படித்தான். அந்தப் பளபளப்பான முகங்களை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு மணல் துகளும் போதும் கசிவதற்கு. பட்டுவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். அசையாத பாதியின் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, முகத்தின் மேல் அட்டைத் துண்டு வைத்து, பிளாஸ்டிக் குழாயால் நேராக அழுத்துங்கள். கிரீஸ் வேண்டாம், சிலவகை ரப்பர் அதில் ஊறி உப்பும். பிறகு சுற்றும் பாதி, கார்பன் முகம் செராமிக்கைப் பார்த்தபடி. ஸ்பிரிங் பக்கம் இம்பெல்லரைப் பார்க்கும்.

இம்பெல்லரைச் சாவியோடு (ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு) ஏற்றி நட்டை இறுக்குங்கள். இப்போது சுற்றினால் சீலின் ஸ்பிரிங் காரணமாக ஒரு மெல்லிய பிடிப்பு இருக்கும். அது சரிதான். அந்தப் பிடிப்பு சுற்று முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் இம்பெல்லர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

கேசிங் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கட்டின் கனத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பழையது எவ்வளவு கனமோ அதே கனத்தில் வெட்டுங்கள். மெல்லியதாகப் போனால் இம்பெல்லர் கேசிங்கை உரசும். தடித்தால் இடைவெளி கூடி, தண்ணீர் ஏறும் உயரம் குறையும். ஒட்டும் பசையை அள்ளி அப்பினால் பிதுங்கி உள்ளே போய் இம்பெல்லரில் அடைக்கும். கேசிங் போல்ட்டுகளும் குறுக்காகவே; இறுக்க இறுக்கச் சுற்றிப் பாருங்கள்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே, அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அங்கிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது சீல் போய்விட்டதைச் சொல்வதற்கென்றே விட்ட வழி. அடைத்தால் அதே தண்ணீர் பேரிங் வழியாகக் காயிலுக்குப் போகும். அடைத்திருந்தால் குடைந்து திறந்துவிடுங்கள்.

டெர்மினல் பெட்டியில் ஒயர்களைப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். ஒயர் முனையில் லக் போட்டு இறுக்குங்கள், தளர்ந்த இணைப்பு சூடாகி எரியும். எர்த் திருகாணிக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டுப் பல் வாஷர் போடுங்கள். எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கேபிளை இழுத்துவிட்டால் கடைசியாகக் கழலுவது எர்த்தாக இருக்க வேண்டும். பிறகு பிளக்கின் எர்த் முனைக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள், 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஃபேனும் ஃபேன் கவரும் மாட்டாமல் எந்தச் சோதனைக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

மோட்டாரை மேடையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். தரையில் சும்மா வைத்து ஓட்டினால் கிளம்பும்போது துள்ளித் திரும்பும். குழாய்களை இணைத்தவுடன் ஒரு முறை ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள். அதுவரை லேசாகச் சுற்றியது இப்போது இறுகினால் குழாய் கோணலாக நின்று பம்பை இழுக்கிறது. குழாயின் எடையைத் தாங்கத் தனியே முட்டுக் கொடுங்கள்.

பம்பிலும் உறிஞ்சும் குழாயிலும் காற்றுக் குமிழி நிற்கும் வரை தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே புது சீலின் முகம் சூடேறி விரிசல் விடக்கூடும். இணைப்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும். ஈரம் இல்லாத இடத்தில், மோட்டாரைத் தொடாமல் ஒதுங்கி நின்று, இரண்டு மூன்று விநாடிக்குப் போட்டு அணையுங்கள். ஆர்சிசிபி விழுந்தால் அதைத் தாண்டி நேராக இணைத்துப் பார்க்கும் யோசனையே வேண்டாம், பாடிக்கு மின்சாரம் கசிகிறது.

ஓடும் திசை அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. சென்ட்ரிஃபியூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும், உயரம்தான் ஏறாது. சிங்கிள் ஃபேஸில் ஸ்டார்ட் காயிலின் இரு முனைகளையும் இடம் மாற்றினால் திசை மாறும். மூன்று ஒயர் மட்டும் வெளியே வரும் மோட்டாரில் பொது இணைப்பு உள்ளேயே முடிந்திருக்கும், அதில் காயில் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். திரீ ஃபேஸில் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றினால் போதும்.

சத்தத்தைக் கேட்பதற்குச் சரியான நேரம், சுவிட்சை அணைத்த பிறகு மோட்டார் சுற்றி ஓயும் சில விநாடிகள். அணைத்த கணமே சத்தம் நின்றால் அது மின்சாரத்தின் உறுமல். ஓயும் வரை கூடவே வந்தால் பேரிங்கோ உரசலோ.

அடுத்து கிளாம்ப் மீட்டர். ஒரே ஒரு ஒயரை மட்டும் அதன் வாய்க்குள் விடுங்கள். இரண்டையும் சேர்த்து விட்டால் பூஜ்யம்தான் காட்டும். ஆம்பியர், பெயர்ப் பலகையில் உள்ளதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் வோல்ட் குறைவா என்று பாருங்கள். வோல்ட் சரி என்றால் வெளியேற்றும் வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் தண்ணீர் அதிகம் போனால் மோட்டாரின் சுமையும் கூடும். மூடும்போது ஆம்பியர் இறங்கினால் பம்பு அந்த உயரத்துக்குப் பொருத்தமில்லாமல் அதிகத் தண்ணீர் தள்ளுகிறது. இறங்காவிட்டால் உள்ளே உரசல் இருக்கிறது, நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

அரை மணி நேரம் ஓடவிட்டு, பேரிங் இருக்கும் இரண்டு கவர்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். நல்ல மோட்டாரின் பாடியே கை வைக்க முடியாத சூட்டுக்கு வரலாம், ஆகவே தொட்டுப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். சூடு ஒரு கட்டத்தில் நிலைத்து நிற்கிறதா, ஒரு கவர் மட்டும் மற்றதைவிட ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மறுநாள், இணைப்பைத் துண்டித்துவிட்டு, மேடை போல்ட்டுகளையும் கேசிங் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சூடேறி ஆறியதில் புது கேஸ்கட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அடி ஓட்டையில் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பேரிங் எண், சீலின் அளவு, கெபாசிட்டரின் மைக்ரோஃபாரட், மெக்கர் அளவு, ஓடும்போது எடுத்த ஆம்பியர், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.